தங்கச்சிக்கு மட்டும் ஒரு பள்ளிக்கூடம்

நம்ம வயசுக்காரங்களுக்குப் பிள்ளைகள் போன் செய்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, பேரப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. இன்னொன்று, எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு நம்மிடம் ஒப்புக்கு யோசனை கேட்பது. போன வாரம் என் மகள் செய்தது இரண்டாவது ரகம். அவளுக்கு இரண்டு பெண்கள். சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துக்கொள்ளவில்லையாம். காலையில் யூனிபார்மைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிறாளாம். அதனால் அவளை நிறுத்தி, வீட்டிலேயே தானே சொல்லிக்கொடுக்கலாம் என்று இருக்கிறாள். இப்போது நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்களாம்.

"பெரியவ?" என்று கேட்டேன்.

"அவளுக்கு என்னம்மா, அவ ஜம்முனு போயிட்டு வரா. அவளப் பத்திக் கவலையே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. இதே வார்த்தையை எங்கள் நைனா என்னைப் பற்றிச் சொல்லி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் உங்களைப் பிடித்து உட்காரவைத்து இதைச் சொல்கிறேன். நீங்களும் யாருக்காவது அக்காவாகவோ தங்கச்சியாகவோ இருந்திருப்பீர்கள்.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரே அறை, ஒரு சமையல்கட்டு, மேலே எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு மொட்டை மாடி. ஒரு பக்கம் கூட்ஸ் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தம், இன்னொரு பக்கம் காசிமேட்டிலிருந்து வரும் கருவாட்டு வாசனை. துறைமுகத்துச் சங்கு ஊதினால் ஷிப்டு மாறுகிறது என்று அர்த்தம். கடிகாரம் வைத்திருந்தவர்கள்கூட அந்தச் சங்கைக் கேட்டுத்தான் முள்ளைத் திருத்துவார்கள்.

நைனாவுக்கு ஹார்பரில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து கிரேன் இறக்கும் பெட்டிகளை நின்றுகொண்டே எண்ண வேண்டும். நாலு கோடு நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. எட்டாவதோடு படிப்பை விட்டவர்தான், ஆனால் பெட்டியின்மேல் அச்சடித்த ஊர்ப் பெயரை எட்ட நின்றே படித்துவிடுவார். உடைந்த பெட்டிகளின் பலகை குப்பைக்குப் போகும்போது, கேட்டில் காட்டிவிட்டு வீட்டுக்குத் தூக்கி வருவார். எங்கள் வீட்டு அலமாரி, முக்காலி, பரண் எல்லாம் அந்தப் பலகைதான். சமையல்கட்டில் அண்ணாந்து பார்த்தால் கறுப்பு மையில் ஹாம்பர்க் என்று இருக்கும். அம்மா உப்பு ஜாடி வைத்திருந்தது சிட்னியின்மேல். நம்ம ஊர் மரத்துக்கு இல்லாத ஒரு பிசின் வாசனை அந்தப் பலகைகளில் வரும், மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் தூக்கலாக.

என் தங்கச்சி என்னைவிட இரண்டு வயசு சின்னவள். வீட்டில் அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. தூக்கத்திலும் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் கான்வென்ட் கேட்டைத் தாண்டினால் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். பெயர் கேட்டால் சொல்ல மாட்டாள், தண்ணீர் வேண்டும் என்று கேட்க மாட்டாள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எப்படியோ தள்ளிவிட்டார்கள். மூன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சர் நைனாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்குப் பேச்சு வராது போலிருக்கிறது, அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

நைனா வந்து முக்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் சட்டையைக் கழற்றவில்லை.

"ஊமையாமே. இவ ஊமையா? இவ கொஞ்ச நேரம் வாய மூடணும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினவன் நானு." பிறகு அம்மாவைப் பார்த்து, "இனிமே அவ அங்க போவ வாணாம். நானே சொல்லித் தரேன்" என்றார்.

"இன்னாய்யா சொல்ற நீ? பொட்டப்புள்ளய வூட்ல குந்தவச்சிக்கினா ஊரு இன்னா பேசும்?"

"ஊரா வந்து அவ வாயத் தொறக்கப் போவுது? காலீல நான் சொம்மாதானே கீறேன்."

அம்மா, "அப்ப பெரியவ?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக அம்மாவை நான் இன்றைக்கும் கும்பிடுவேன்.

"பெரியவளுக்கு இன்னா? அவ எங்க வுட்டாலும் பூந்து வந்துருவா. அவளப் பத்திக் கவலயே இல்ல."

நான் அங்கேதான், சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். இப்போது யோசித்தால் அவர் என்னைப் புகழ்ந்திருக்கிறார். பத்து வயசில் அது புகழ்ச்சியாகப் படவில்லை. ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டார் என்றுதான் பட்டது. அன்றைக்கு வந்தது பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் நான் தேடவில்லை.

மறுவாரம் பாடம் ஆரம்பமானது. ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் வாரங்களில் நைனா குளித்து, பழைய சோறு சாப்பிட்டு, தூங்கப் போவதற்குமுன் அவளைக் கூப்பிடுவார். மத்தியான ஷிப்டு வாரங்களில் காலை முழுக்கப் பாடம்தான். ஒரு அகலமான பலகைக்குக் கறுப்பு மை பூசிப் போர்டு ஆக்கியிருந்தார். அதன் பின்பக்கம் யோகோஹாமா என்று பெரிய எழுத்து. நான் ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு சடை பின்னும் நேரத்தில், அவள் தலையே வாராமல், நைனாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டு கோடு போட்டுக்கொண்டிருப்பாள். நாலு நிமிர்ந்த கோடு, ஒரு குறுக்குக் கோடு. சரியாகச் சொன்னால் ஒரு வேர்க்கடலையை உரித்து அவள் வாயில் போடுவார்.

சாயங்காலம் வந்ததும் நான் முதலில் பார்ப்பது அறை மூலையில் பெருக்கித் தள்ளிய கடலைத் தோலைத்தான். நிறையக் கிடந்தால் அன்றைக்கு அவள் நிறையச் சரியாகச் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சோறு இறங்காது. முதல் ஷிப்டு வாரத்தில் நைனா விடியும்போதே போய்விடுவார், பாடம் கிடையாது. அந்த வாரம் முழுக்க நான் நிம்மதியாக இருப்பேன்.

சில நாள் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் கடலில் காத்து நிற்கும் கப்பல்களைக் காட்டுவாராம். புகைபோக்கியின் நிறத்தைப் பார்த்தே அது எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்லிக்கொடுத்தாராம். ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு தங்கச்சி அத்தனையையும் என்னிடம் ஒப்பிப்பாள். நான் தூங்குகிற மாதிரி கிடப்பேன். ஒரு எழுத்து விடாமல் கேட்டுக்கொண்டுதான் கிடப்பேன்.

அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. பேசாததால்தானே அவளை வீட்டில் வைத்துக்கொண்டார், நானும் பேசுவதை நிறுத்திவிட்டால்? மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கவில்லை. அதுவரைக்கும் வகுப்பில் வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். டீச்சர் நைனாவைக் கூப்பிட்டு அனுப்புவார் என்று காத்திருந்தேன். என்ன நடந்தது தெரியுமா? மாதக் கடைசியில் எனக்கு நல்லொழுக்கத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். காவல் சம்மனசு படம் ஒன்று, இறக்கை வைத்த தேவதூதன், ஓரமெல்லாம் தங்க நிறம். அம்மா அதைச் சோற்றுப் பருக்கை வைத்துச் சுவரில் ஒட்டினாள். நைனா அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, நான் சொன்னன்ல" என்றார். அந்தச் சம்மனசின் முகத்தில் நான் பென்சிலால் மீசை போட்டேன்.

வெட்கத்தை விட்டு ஒரு நாள் நேராகவே கேட்டேன். "எனுக்கும் சொல்லித் தா நைனா."

அவர் தலையைச் சொறிந்தார். "உனுக்குத்தான் பெரிய பெரிய டீச்சருங்கோ கீறாங்களே கண்ணு. நான் இன்னா கண்டேன்."

என்னைத் தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். என் பையில் இருந்த புத்தகங்களைப் பார்த்து அவருக்குப் பயம் என்பது இப்போதுதான் புரிகிறது. தங்கச்சியிடம் அவர் என்ன சொன்னாலும் அது பாடம். என்னிடம் சொன்னால் நான் சரிபார்த்துவிடுவேன். பிள்ளைக்கு முன்னால் தப்பாகிப்போகிற பயம் தகப்பனுக்கும் இருக்கும் என்பதெல்லாம் அந்த வயசில் யாருக்குத் தெரியும்?

மழைக்காலத்தில் எனக்கு ஜுரம் வந்தது. பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று அம்மா சொன்னதும் நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு நானும் பலகைக்கு எதிரே உட்கார்ந்தேன். அன்றைக்குப் பாடம், எந்த நாட்டுக்கு எது தலைநகரம். நைனா வைத்திருந்த கணக்கு ரொம்பச் சுலபம். எந்த ஊரிலிருந்து கப்பல் வருகிறதோ அதுதான் அந்த நாட்டின் தலைநகரம். பர்மாவுக்கு ரங்கூன், சிலோனுக்குக் கொழும்பு, இங்கிலாந்துக்கு லண்டன். இதெல்லாம் சரியாக இருந்ததால் மற்றதும் சரி என்று இருந்துவிட்டார். நம்ம மெட்ராஸ்கூட ஹார்பர் இருக்கிற ஊர்தானே, அதுதானே நமக்குத் தலைநகரம். ஆஸ்திரேலியாவுக்குச் சிட்னி, ஜெர்மனிக்கு ஹாம்பர்க், ஜப்பானுக்கு யோகோஹாமா. தங்கச்சி கூவிச் சொன்னாள், நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். கசந்து கிடந்த வாயில் நைனா ஒரு கடலை போட்டார். அவரிடம் நான் படித்தது அந்த ஒரு காலைதான். மறுநாள் ஜுரம் விட்டுவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து வகுப்பில் டீச்சர் ஆசியா படத்தை மாட்டி, ஜப்பானின் தலைநகரம் டோக்கியோ என்று கோல் வைத்துக் காட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன். அவர்கள் இரண்டு பேரும் தப்பாகப் படிக்கிறார்கள், சொன்னால் தீர்ந்தது. வாசலில் செருப்பை விடும்போது மனசு மாறியது. இதை இப்போதே சொல்லித் தீர்ப்பானேன்? பத்திரமாக வைத்துக்கொண்டால் என்றைக்காவது உதவும். அதிலிருந்து அவள் பாயில் படுத்து யோகோஹாமா என்று ஒப்பிக்கும்போதெல்லாம் நான் இருட்டில் டோக்கியோ, டோக்கியோ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அந்த வருஷம் எனக்கு இருந்த ஒரே சுகம் அதுதான்.

கோடை லீவு முடிகிற சமயத்தில் அம்மா பிடிவாதமாக நின்றாள். தங்கச்சிக்குப் புது நன்மை, அதாவது கோயிலில் முதன்முதலாக நற்கருணை, வாங்கும் வயசு வந்துவிட்டது. எங்கள் மாதா கோயில் பங்கில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத்தான் வரிசையாகத் தயார் செய்து பீடத்துக்குக் கூட்டிப்போவார்கள். "எம்புள்ள மட்டும் வெள்ள கவுனு இல்லாம தூணாண்ட நிக்கணுமா?" என்று அழுதாள். நைனா மறுநாளே கான்வென்ட்டுக்குப் போய்க் கேட்டார். நாலாம் வகுப்பில் சேர்க்க முடியுமா என்று சோதித்துப் பார்க்க, கான்வென்ட்டில் தலைமையாசிரியையாக இருந்த மதர் ஒரு நாள் வரச் சொன்னார்.

பள்ளிக்கூடம் திறந்து நான் அப்போதுதான் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். ஆயா வந்து என்னைக் கூட்டிப்போனாள், அக்கா பக்கத்தில் நின்றாலாவது சின்னவள் பேசுவாளோ என்று. மதர் அறையில் மெழுகு வாசனை. மேஜைமேல் நீல நிற உலக உருண்டை. நைனா காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு, நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றார். தங்கச்சி என் பழைய கவுனில் இருந்தாள்.

மதர் பெயரைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தார். பிடித்துக்கொண்டாள், படிக்கவில்லை. இரண்டும் மூன்றும் எத்தனை என்று கேட்டார். விரலால் கவுனில் கோடு இழுத்தாள், வாய் திறக்கவில்லை. நைனாவின் காது ஓரமெல்லாம் வேர்த்துவிட்டது.

"வூட்ல நல்லா பேசும் மதர். ஊரு பேர்லாம் சோக்கா சொல்லும். ஜப்பானு, பர்மா, எத்த வோணா கேளுங்கோ."

மதர் பெருமூச்சு விட்டு உருண்டையைத் திருப்பி விரலை வைத்தார். "சரி, இது ஜப்பான். இதன் தலைநகரம் என்ன, சொல்லு பார்ப்போம்."

தங்கச்சி நிமிர்ந்தாள். நைனாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம், மாடியில் நின்று கப்பலைக் கூப்பிடுகிற குரலில், அந்தக் கட்டிடத்துக்குள் அவள் பேசிய முதல் வார்த்தையைப் பேசினாள்.

"யோகோஹாமா."

நைனாவின் முகம் மலர்ந்ததை நான் என்னவென்று சொல்ல? அவள் பேசிவிட்டாள், அதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததை. என்னைப் பார்த்து அந்த முகம் ஒரு நாளும் அப்படி ஆனதில்லை.

"தவறு," என்றார் மதர். தங்கச்சியின் உதடு உள்ளே மடிந்தது. மதர் என் பக்கம் திரும்பினார். "நீ ஆறாம் வகுப்பு. நீ சொல்லு அவளுக்கு. ஜப்பானின் தலைநகரம் என்ன?"

இத்தனை மாதம் பொத்தி வைத்திருந்தது நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் அவர்கள் இரண்டு பேரின் பள்ளிக்கூடமும் அந்த இடத்திலேயே உடைந்திருக்கும். நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்றால் எது சரி என்று அவருக்கு மெய்யாகவே தெரியவில்லை. பெரியவள் சொல்லப்போகிறாள் என்று ஒரு பயத்தோடு பார்த்தார்.

"யோகோஹாமா, மதர்."

மதர் அடிக்கோலை மேஜையில் தட்டினார். "என்ன இது? ஐந்தாம் வகுப்பிலேயே படித்தாயே. யார் உங்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?"

நைனா ஒரு அடி முன்னால் வந்தார். அவர் எனக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்த ஒரு ஜுரக் காலையைத் தவிர. அதை அவர் நினைவு வைத்திருப்பார் என்றுகூட நான் எதிர்பார்க்கவில்லை.

"நான்தான் மதர். ரெண்டு பேருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டு வாங்கியதால் அழுகிறாள் என்று மதர் நினைத்தார். வாயைத் திறந்தாளே, அது போதும் என்று தங்கச்சியை மறுபடியும் மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். எனக்கு, டோக்கியோ என்று நோட்டில் ஒரு பக்கம் நிறைய எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று தண்டனை.

அழுத என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடிகிற வரைக்கும் நைனா பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"மெய்யாலுமே உனுக்குத் தெரியாதா?"

"தெரியும் நைனா. டோக்கியோ."

நைனா கேட்டைத் தாண்டும்போது தங்கச்சியின் கையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் நான் யோகோஹாமா பலகையை மடியில் வைத்து, அதன்மேல் நோட்டை விரித்து எழுத உட்கார்ந்தபோது, அவரும் பக்கத்தில் குந்திக்கொண்டார். நான் எழுத எழுத, உதட்டுக்குள் டோக்கியோ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கடலை. தங்கச்சி பக்கத்தில் நின்று, "எனுக்கு?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ.

காலைப் பாடம் அதோடு நின்றது. புது நன்மையின்போது தங்கச்சி வெள்ளைக் கவுனில் வரிசையில் போனாள். பலகை, பிற்பாடு ஒரு மழையில் கூரை ஒழுகி விறகெல்லாம் நனைந்தபோது அம்மாவின் அடுப்புக்குப் போயிற்று. இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடும்போது தங்கச்சி அந்தக் கதையைச் சொல்வாள், அக்கா எனக்காகத்தான் தப்பாச் சொன்னா என்று. அவள் பிள்ளைகள் என்னைப் பார்க்கும் பார்வையில் மரியாதை வழியும். நான் கேக்கைத் தின்றுகொண்டு சும்மா இருப்பேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அவளுக்காக இல்லை. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் எனக்கும் ஒரு இடம் வேண்டியிருந்தது. யோகோஹாமா என்று சொல்கிறவர்களுக்குத்தான் அங்கே இடம்.

மறுநாள் மகளைக் கூப்பிட்டேன். சின்னவளை வீட்டில் வைத்துக்கொள், தப்பில்லை என்றேன். அவளுக்கு ஆச்சரியம், நான் மறுப்பேன் என்று பதில்களை எல்லாம் தயாராக வைத்திருந்திருப்பாள் போல.

"பெரியவ எப்ப ஸ்கூலுக்குக் கிளம்புறா?"

"வேன் ஏழரைக்கு வரும்மா. ஏன்?"

"கிளம்புறதுக்கு முன்னாடி அவளையும் உக்கார வச்சு எதையாவது ஒண்ணு சொல்லிக்குடு."

"அவளுக்கு என்னம்மா நான் சொல்லிக்குடுக்கிறது? அவளுக்குத்தான் எல்லாம் ஸ்கூல்லயே சொல்லித்தராங்களே. நான் சொன்னா தப்பாத்தான் சொல்லுவேன்."

"தப்பாவே சொல்லு," என்றேன்.